பச்சை நீக்கிய உக்கிரபாண்டி

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் நிறத்தைப் பற்றித் தன்னோடு எதிர்ப்பேச்சுப் பேசும் ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று உக்கிரபாண்டியே சொல்லிக்கொள்வார். அதில் பொய் கிடையாது. முப்பது வருஷமாக ஒரே ஏலக்காய்க் கடையில் ஒரே வேலை. மலையிலிருந்து வந்த மூட்டையில் ஒரு கை அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பி, வடக்கு ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பார்த்துவிட்டு இரண்டு வார்த்தையில் ஒன்றைச் சொல்வார். ஒன்று "அசல்". மற்றது "சாயம்".

ஏலக்காய்க்குப் பச்சைதான் மரியாதை. வெளிறிப்போன காயை எவனும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். அதனால் சில புண்ணியவான்கள் காய வைக்கும்போதே கொஞ்சம் சாயத்தைக் கலந்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிப்பதில் உக்கிரபாண்டி கெட்டிக்காரர். "சாயம்னா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி அப்பிக்கிட்டு நிக்கும். அசல் பச்சை நடுவுல கெட்டியா இருந்து ஓரத்துல மெலியும்" என்பார். மூட்டையைக் கொண்டுவந்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். உக்கிரபாண்டி இரண்டாம் தடவை பார்க்க மாட்டார். சந்தேகம் என்ற சொல்லையே அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவர் அனுமதித்ததில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் மனிதனுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. இவரோடு ஒன்றாகப் படித்த ஒருவர் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வினார். இவர் வானத்தைப் பிடித்துக்கொண்டார். செல்போனில் யாரோ அனுப்பிய, ஓரியன் நெபுலா என்ற ஒளிமேகத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை நம்மூர்லயே எடுக்கலாமாம்ல" என்று மூன்று நாள் புலம்பினார். நாலாவது நாள், கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சலித்துப்போன ஒருவரிடமிருந்து ஒரு பழைய கேமரா வந்தது. பின்னாலேயே ஒரு முக்காலி வந்தது. பூமி சுற்றுகிற வேகத்துக்குக் கேமராவைத் திருப்பிக்கொடுக்கும் குட்டி மோட்டார் ஒன்றும் வந்தது. அவருடைய மனைவி பொன்னுமணி அந்த மோட்டாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சட்னி அரைக்குமா?" என்று கேட்டாள். அரைக்காது என்று தெரிந்ததும் அவளுக்கு அதன்மேல் இருந்த அக்கறை போய்விட்டது.

போடி ஊருக்குள் வானம் தெரியாது. கடைவீதி வெளிச்சம் எல்லாவற்றையும் தின்றுவிடும். அதனால் மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஒருநாள் லீவு போட்டுவிட்டு, சாயங்கால பஸ்சில் போடிமெட்டுக்கு ஏறிவிடுவார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு எஸ்டேட்டில், காட்டுக்கு மேலே மொட்டையாக நிற்கிற ஒரு பாறை. மறுநாள் காலையில், தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் மொக்கச்சாமியின் ஜீப்பில் இறங்கி வருவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை ஒரு மனிதன் பையைத் தூக்கிக்கொண்டு மலையேறினால் தெரு என்ன நினைக்கும்? நாலாவது மாதமே ஒரு பெண் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றாள், புருஷனைக் குடியிலிருந்து மீட்டுத் தரச் சொல்லி. பொன்னுமணி அந்தப் பழத்தை வாங்கி ஊறுகாய் போட்டுவிட்டாள். மலையிலோ வேறு கதை. அவர் கேமராவைத் தூக்கி வைத்தாலே போதும், எஸ்டேட் கங்காணி ஓடி வந்து, "சேட்டா, ஆனை எந்தப் பக்கம்?" என்று கேட்பார். "ஆனை இல்லப்பா, ஆண்ட்ரோமீடா" என்று வானத்தைக் காட்டி உக்கிரபாண்டி விளக்குவார். அது எத்தனை ஏக்கர் தின்னும் என்று கங்காணி கவலையோடு கேட்பார்.

அவர் எடுத்த முதல் ஓரியன் நெபுலா, சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல படம். நூற்றிருபது படங்களை எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியிருந்தார். நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி நின்றது. பிறகு நிறத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தார். அங்கேதான் முப்பது வருஷத் தொழில் வந்து தோளில் கை போட்டது. படத்தில் லேசாகப் பச்சை அடித்தது. பச்சை என்றால் தரம். தரம் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் குறைந்தா போய்விடும்? ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கடைசியில் ஓரியன் நெபுலா, பதமாக உலர்த்திய முதல் தர ஏலக்காய் மாதிரி பளபளவென்று வந்து நின்றது.

கடையில் அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி மாளாது. "என்னா கலரு!" என்று முதலாளி வாயைப் பிளந்தார். காய் பொறுக்குகிற பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். மொக்கச்சாமி மட்டும் ஜீப்பில் சாய்ந்தபடி, "அண்ணே, இதுல எட்டு எம்எம் எது, ஏழு எம்எம் எது? சலிச்சுத்தான் எடுத்தீகளா?" என்று காய்க்கு அளவு கேட்பது போலக் கேட்டான். உக்கிரபாண்டி அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் அவர் எடுத்ததெல்லாம் பச்சை. சூரியன் பச்சை, சந்திரன் பச்சை, சனியும் அதன் வளையமும் பச்சை.

மதுரையில் வானம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இருநூறு பேர். அதை நடத்துகிறவர் அனுசியா, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற ஆசிரியை. வருஷத்துக்கு ஒருமுறை குழுவினர் எடுத்த படங்களில் முப்பதைத் தேர்ந்து, மதுரையில் ஒரு கல்லூரி மண்டபத்தில் மாட்டுவார்கள். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், ஊர்ப் பெயர். அந்தச் சுவரில் ஒரு முழ இடம் பிடிக்க வேண்டும் என்பதுதான் உக்கிரபாண்டியின் ஆசை. ஆசை என்று சொன்னால் குறைவு, அது ஒரு வெறி. முப்பது வருஷம் அவர் கண்ணால் தேர்ந்தெடுத்த காய் எங்கெங்கேயோ போயிற்று. மூட்டையில் முதலாளி பெயர், பெட்டியில் கம்பெனி பெயர். உக்கிரபாண்டி என்ற பெயர் கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை அச்சானது, அதிலும் 'க்' விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு இடத்தில், தான் பார்த்த ஒன்றுக்குக் கீழே, தன் பெயர் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

முதல் வருஷம் ஐந்து படம் அனுப்பினார். பதில் இல்லை. இரண்டாவது வருஷம் பொறுக்கமாட்டாமல் பச்சை ஓரியனைக் குழுவிலேயே போட்டு, "இதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டார். முதல் பதில் யாரோ ஒரு பையனிடமிருந்து வந்தது. "சார், இது நெபுலாவா, புதினா சட்னியா?" அதற்கு நாற்பத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். உக்கிரபாண்டி ஒவ்வொன்றாக எண்ணினார். தெரிந்த பெயர்களைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே அனுசியாவின் குரல் பதிவு ஒன்று தனியாக வந்தது. மூன்று நிமிஷம். கடைக்குப் பின்னால் காலி மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் போய் நின்று காதில் வைத்தார்.

"அண்ணே, உங்க உழைப்பு தெரியுது. ஃபோகஸ் அருமையா இருக்கு. ஆனா கலரு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வானத்துல பச்சைங்கிறது கிடையாதுண்ணே. பச்சையா ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது. நம்ம கேமராவுக்குள்ள பச்சையைப் பாக்க ரெண்டு கண்ணு, செவப்புக்கும் நீலத்துக்கும் ஆளுக்கொரு கண்ணுதான். அதனால பச்சை கூடுதலா வந்து விழும். அதை எடுத்துறணும். நீங்க எடுக்காம, மேல ஏத்தி வச்சிருக்கீங்க..."

அவ்வளவுதான். உக்கிரபாண்டி போனை அமுக்கிப் பைக்குள் போட்டுவிட்டார். பச்சையைப் பற்றித் தனக்கு ஒருவர் பாடம் நடத்துவதை அவர் வாழ்க்கையில் அதுவரை நின்று கேட்டதில்லை. இதை நாற்பது வினாடி கேட்டதே பெரிய விஷயம். மீதியில் அனுசியா சொன்னது இதுதான்: "ஆனா ஒண்ணுண்ணே, வால்நட்சத்திரம் மாதிரி ஒண்ணு ரெண்டுக்கு நெசமாவே பச்சை உண்டு. அதுல மட்டும் கை வச்சிராதீங்க." கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷன் கேட்கவில்லையே!

ஆனால் அந்த நாற்பது வினாடி அவரைப் படுத்தியபாடு கொஞ்சமல்ல. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சாயம் ஏற்றுகிறவர்களை முப்பது வருஷமாகப் பிடித்துக் கொடுத்த மனிதர், வானத்துக்கே சாயம் ஏற்றியிருக்கிறார்! நினைக்க நினைக்க அவருக்கே கூசியது. நாலாவது நாள் ஒரு முடிவோடு எழுந்தார். கம்ப்யூட்டரில் பச்சையை மட்டும் தேடிப் பிடித்து நீக்குகிற ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? பழைய படம் அத்தனையையும் உட்கார வைத்து உரித்தார்.

புதிதாக மதம் மாறியவரின் வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேகம் இவருக்கு வந்தது. குழுவில் யார் படம் போட்டாலும் முதல் ஆளாக வந்து, "பச்சை இருக்கு, எடுங்க" என்று எழுதுவார். கொழுந்தியாள் மகளின் சடங்கு வீட்டில் இவர்தான் படம் எடுத்தார். பழக்கதோஷத்தில் அதற்கும் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டார். பொன்னுமணி ஆசை ஆசையாகக் கட்டியிருந்த கிளிப்பச்சைப் பட்டு, படத்தில் சாம்பல் நிறத்தில் வந்தது. வாழைமரம் இரண்டும் பட்டுப்போன மாதிரி நின்றன. "ஏங்க, இது சடங்கு வீடா, எழவு வீடா?" என்று பொன்னுமணி கத்தினாள். "வானத்துல பச்சை கெடையாது" என்றார் உக்கிரபாண்டி. "என் சேலை வானத்துலயா இருக்கு?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

மூன்றாவது வருஷம் கண்காட்சிக்குப் படம் அனுப்பக் கடைசி நாள் நெருங்கியபோது ஒரு வால்நட்சத்திரம் வந்தது. பெயர் எண்ணும் எழுத்துமாகப் பஸ் நம்பர் மாதிரி நீளமாக இருந்தது. பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்த கையோடு மேற்கே கொஞ்ச நேரம் நிற்கும், கேமராவுக்கு மட்டும் அகப்படும். குழுவில் எல்லோரும் பரபரத்தார்கள். ஆனால் மதுரையில் மேகம், தேனியில் மேகம், தேவாரத்தில் தூறல். உக்கிரபாண்டி மலையேறினார். மேகம் முழுக்கப் பள்ளத்தாக்கில் படுத்துக்கிடந்தது. பாறைக்கு மேலே வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

முதல் படம் கேமராவின் பின்பக்கத்தில் தெரிந்ததும் குனிந்து கண்ணைக் கிட்டே கொண்டுபோனார். மெல்லிய வால். அதன் தலையில் பச்சை. நடுவில் கெட்டியாக இருந்து ஓரத்தில் மெலிகிற பச்சை. அவர் வாய் தானாகச் சொன்னது: "அசல்." சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கங்காணிகூட அன்று யானையைத் தேடி வேறு பக்கம் போயிருந்தார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க அங்கே அவசியமும் இல்லை.

மறுநாள் காலை ஜீப்பில் மொக்கச்சாமியிடம் காட்டினார். "அண்ணே, நல்லாருக்கே! காய் மாதிரியே இருக்கு!" என்றான் அவன். பாவி, வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. உக்கிரபாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. காய் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் புதினா சட்னி மாதிரியும் இருக்கும். நாற்பத்திரண்டு சிரிப்புப் பொம்மைகளும் கண் முன்னால் வரிசையில் வந்து நின்றன.

வீட்டுக்கு வந்து, குளிக்காமல் கொள்ளாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். படங்களை அடுக்கினார். பச்சை இன்னும் அழகாகத் துலங்கியது. பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்தில் ஒரு தட்டுக் காயை அவர் அரை நிமிஷத்துக்கு மேல் பார்த்ததில்லை. "எந்திரிச்சு வந்து சாப்டுங்க, சோலி எங்கயும் ஓடிப் போகாது" என்று பொன்னுமணி மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது குரலுக்குப் பொத்தானை அமுக்கிவிட்டார். வால்நட்சத்திரம் வெளிறிப்போயிற்று, எவனும் ஏறெடுத்துப் பார்க்காத காயைப் போல. "இப்பச் சரியா இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு மணிநேரத்தில் அனுசியா போன் செய்தார்.

"அண்ணே, எங்களுக்கெல்லாம் மேகம். நீங்க புடிச்சிட்டீங்க, சபாஷ்! ஆனா தலையில பச்சை எங்க?"

"எடுத்துட்டேன் டீச்சர்" என்றார் உக்கிரபாண்டி, பெருமையாக. "சுத்தமா எடுத்துட்டேன். ஒரு பொட்டு இருக்காது."

"எதுக்குண்ணே எடுத்தீங்க? வால்நட்சத்திரத்துல கை வைக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"

"எப்பச் சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டு, பழைய குரல் பதிவைத் தேடி எடுத்து முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே இரண்டு தடவை சத்தம் வர அடித்துக்கொண்டார். பதறியடித்துப் பச்சை உள்ள படத்தைக் குழுவில் போட்டு, "இதுதான் சரியான படம்" என்று எழுதினார். புதினா சட்னிப் பையனே முதலில் வந்தான். "அண்ணன் மறுபடி சாயப் பட்டறையைத் திறந்துட்டாரு டோய்!" இந்தத் தடவை சிரிப்புப் பொம்மை அறுபதைத் தாண்டியது. "இது அசல்" என்று உக்கிரபாண்டி எழுதினார். "அசல், அசல், சத்தியமா அசல்" என்று மறுபடியும் எழுதினார். இத்தனை வருஷம் பிறர் சொல்லி அவர் நம்ப மறுத்த அதே வார்த்தை.

அனுசியா நல்ல பெண். கேமராவின் மெமரி கார்டை வாங்கி, மூலப் படங்களைத் தானே சோதித்து, பச்சை உண்மை என்று குழுவில் எழுதினார். ஆனால் அதற்குள் நாலு நாள் போய்விட்டது. மேகம் விலகிய பிறகு கொடைக்கானல்காரர் ஒருவர் எடுத்த வால்நட்சத்திரம் தேர்வாகிவிட்டது. அதன் தலை பச்சைப் பசேல் என்று இருந்தது. முப்பது இடமும் நிரம்பிவிட்டன.

"ஒரு வழி இருக்குண்ணே" என்று அனுசியா தயங்கித் தயங்கிச் சொன்னார். "மாணவர்களுக்குப் பாடம் மாதிரி ஒரு மூலை வைக்கிறோம். அங்க உங்க ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். கேமரா பாத்தது ஒண்ணு, தப்பாத் திருத்துனது ஒண்ணு. உங்க பேரும் ஊரும் கீழ போடுவோம். இஷ்டம் இல்லன்னா வேண்டாம்."

மானமுள்ள மனிதன் வேண்டாம் என்றிருப்பான். உக்கிரபாண்டி ஒரு நாள் முழுக்க வேண்டாம், வேண்டாம் என்றே இருந்தார். சாயங்காலம், "பேரு பெருசா வருமா?" என்று கேட்டு அனுப்பினார்.

கண்காட்சி நாளில் காலை பஸ்சில் இரண்டு பேரும் மதுரைக்குப் போனார்கள். உக்கிரபாண்டி முழுக்கைச் சட்டை. பொன்னுமணி, படத்தில் சாம்பலாகிப் போன அதே கிளிப்பச்சைப் பட்டு. மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. முப்பது படங்களையும் தாண்டி, தண்ணீர் கேனுக்குப் பக்கத்து மூலையில் இவருடைய இரண்டும் இருந்தன. தலைப்பு: 'செய்யக் கூடாதது'. கீழே கொட்டை எழுத்தில், உக்கிரபாண்டி, போடிநாயக்கனூர். 'க்' இருந்தது. தண்ணீர் குடிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். எடுத்தவர் இங்கேதான் நிற்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. உக்கிரபாண்டி காரியமாகத் தண்ணீர் கேனின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

பொன்னுமணி வெகுநேரம் இரண்டு படத்துக்கும் முன்னால் நின்றாள். இந்த மூன்று வருஷத்தில் அவர் எடுத்த ஒன்றையும் அவள் இப்படி நின்று பார்த்ததில்லை.

"ஏங்க, மலையில நீங்க பாத்தப்ப இது பச்சையாத்தானே இருந்துச்சு?"

"ஆமா."

"சாயம்னு தோணுச்சா?"

"இல்ல. பாத்த ஒடனே அசல்னு தெரிஞ்சுபோச்சு."

"பெறகு எதுக்குப் பச்சையை எடுத்தீங்க?"

உக்கிரபாண்டி சீட்டைப் படிப்பதை நிறுத்தினார். "சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பார்த்துச் சிரிக்கக் கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தையும் பொன்னுமணி விட்டவளில்லை. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.